பென்னாகரத்திலிருந்து டேராடூனுக்கு: கடல் வரைபடங்களுக்கு ஒரே கட்டம் போடுங்கள்

இந்திய அரசின் தலைமை நீர்வரைவியல் அலுவலர் அவர்களுக்கும், டேராடூனில் உள்ள இந்தியக் கடற்படை நீர்வரைவியல் அலுவலகத்தில் வரைபடம் தயாரிக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டம் பென்னாகரத்துக்காரன். சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நேர்கோட்டில் போனாலே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கடலுக்கு எழுதும் கடிதம் இங்கிருந்தா வருகிறது என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1954 முதல் இந்தியாவின் கடல் வரைபடங்கள் உருவாகும் டேராடூனும் கடல் இல்லாத மலையூர்தானே.

கப்பலில் வரைபடங்களுக்குப் பொறுப்பு செகண்ட் ஆபீசர். துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குப் பயணத் திட்டம் போடுவது, எந்தெந்த மின்னணு வரைபடம் வேண்டும் என்று பார்த்து வாங்குவது, வாரந்தோறும் வரும் திருத்தங்களை ஏற்றுவது எல்லாம் என் வேலை. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 4 வரை பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் நிற்பதும் நான்தான். அந்த வேலையிலிருந்து எழுந்த ஒரே ஒரு கோரிக்கைதான் இந்த மடல். மின்னணு வரைபடங்களில் எஸ்-57 என்ற பழைய தரநிலையிலிருந்து எஸ்-101 என்ற புதிய தரநிலைக்கு உலகமே மாறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பழைய காகித வரைபடங்களின் எல்லைகளை அப்படியே புதிய வடிவத்தில் ஊற்றாதீர்கள். முதலில் கடல் முழுவதற்கும் ஒரே சீரான கட்டம் போடுங்கள். குறிப்பிட்ட சில அளவுகோல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கட்டங்களுக்குள் தரவை நிரப்புங்கள்.

இதை எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அப்பா வருவாய்த் துறையில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்கள் சில இருக்கின்றன. நான் படித்த முதல் வரைபடங்கள் அவைதான். தருமபுரி நகரம் இருக்கும் தாளின் எண் 57 எல்/4. நான்கு பாகைக்கு நான்கு பாகை கொண்ட பெரிய கட்டம் 57. அதைப் பதினாறாகப் பிரித்தால் வரும் ஒரு பாகைக் கட்டம் எல். அதையும் பதினாறாகப் பிரித்தால் வரும் பதினைந்து நிமிடக் கட்டம் 4. இவ்வளவுதான் விஷயம். இது தெரிந்துவிட்டால் போதும், பள்ளிக்கூடப் பையன்கூட வடக்கே 57 எல்/3, அதில் பாலக்கோடு, அதற்கும் வடக்கே 57 எல்/2, அதில் கிருஷ்ணகிரி என்று சொல்லிவிடுவான். மேற்கே போனால் 57 எச்/16, அதில் பென்னாகரமும் ஒகேனக்கல்லும். தெற்கே 12 பாகைக் கோட்டைத் தாண்டினால் 58 ஐ/1. எல்லாமே 1:50,000 அளவுகோல். இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தால் சாலையும் ஓடையும் சமஉயரக் கோடும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடங்கலில்லாமல் ஓடும்.

1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இரண்டு முறையும் தாள்களின் ஓரம் ஒரு நூல்கூட நகரவில்லை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த புதிய வரிசையில் எண் போடும் முறை மாறியது, ஆனால் பதினைந்து நிமிடக் கட்டம் மாறவில்லை. யார் ஆண்டாலும், ஊர் எந்த மாவட்டத்தில் சேர்ந்தாலும் கட்டம் கட்டமாகவே இருந்தது.

அப்பாவின் மேசையில் வேறு வகை வரைபடமும் இருந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக வரைந்த புலப்படம். வயல் சிறியதென்றால் 1:1,000, பெரியதென்றால் 1:2,000 அல்லது அதற்கும் மேல். ஒவ்வொன்றும் அதன் வயலுக்குச் சரியானது. சிக்கல் வருவது பக்கத்துப் பக்கத்து வயல்களுக்குள் வரப்புத் தகராறு என்று யாராவது வந்து நிற்கும்போதுதான். ஒருமுறை எங்கள் சொந்தத்திலேயே அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு புலப்படத்தைக் கொண்டுவந்து திண்ணையில் விரித்தார்கள். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஓரம் சேர்த்துப் பார்த்தால் பொது வரப்பு இரண்டு கோடாக விழுந்தது. அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரியாத்தான் இருக்கு. சேத்து வெச்சாத்தான் தப்பு" என்றார். அப்போது எனக்குப் பதினான்கு வயது இருக்கும். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது பல வருடம் கழித்து, நடுக்கடலில்.

அன்றைக்கு எங்கள் கப்பலின் டிராஃப்ட், அதாவது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம், 9.8 மீட்டர். வேகத்தில் கப்பல் சற்று அமிழ்வதையும், அடியில் விட வேண்டிய இடைவெளியையும் கணக்கிட்டு எக்டிஸ் திரையில் பாதுகாப்பு ஆழக்கோட்டை 12 மீட்டர் என்று வைத்திருந்தேன். ஆழக்கோடு என்பது ஒரே ஆழமுள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு; அதைவிட ஆழம் குறைந்த பக்கம் போகக் கூடாது என்று கருவிக்குச் சொல்வது பாதுகாப்பு ஆழக்கோடு. எக்டிஸ் என்பது மின்னணு வரைபடத்தைக் காட்டி, அதில் கப்பலை நகர்த்திக்கொண்டே போய், ஆபத்து வந்தால் அலாரம் அடிக்கும் கருவி. 12 மீட்டர் என்று நான் கேட்டாலும் வரைபடத்தில் 12 மீட்டர் ஆழக்கோடு இருந்தால்தானே அது காட்ட முடியும்? இல்லாவிட்டால் அதற்கு அடுத்த ஆழமான கோட்டை எடுத்துக்கொள்ளும். மின்னணு வரைபடம் செல் செல்லாகத்தான் வரும், ஒரு செல் ஒரு தாள் மாதிரி. நாங்கள் போய்க்கொண்டிருந்த செல்லில் 5, 10, 15, 20 என்று கோடுகள் இருந்தன. எனவே 15 மீட்டர்க் கோடு தடித்துத் தெரிந்தது. எங்களுக்கு அடியில் 17 மீட்டர் தண்ணீர். சரி, நிம்மதி.

அடுத்த செல்லின் ஓரம் வந்தது. அது வேறொரு காகித வரைபடத்திலிருந்து பிறந்தது, அளவுகோலும் வேறு. அதில் 10, 20, 30 என்று மட்டுமே கோடுகள். ஆக எக்டிஸ் 20 மீட்டர்க் கோட்டைப் பாதுகாப்புக் கோடாக எடுத்துக்கொண்டது. கடல் மாறவில்லை, அதே 17 மீட்டர் தண்ணீர்தான். ஆனால் ஓரத்துக்கு இந்தப் பக்கம் பாதுகாப்பு என்று காட்டிய அதே நீர், அந்தப் பக்கம் ஆபத்து என்று நிறம் மாறியது. தடித்த கோடு செல்லின் விளிம்பில் முட்டி நின்று, வேறோர் இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. பாதுகாப்பு ஆழக்கோட்டைத் தாண்டுகிறாய் என்று அலாரம் அலறியது. இரவு இரண்டு மணிக்குக் கேப்டனை எழுப்பினேன். அவர் வந்து இரண்டு செல்களின் ஆழ எண்களையும் பார்த்து, ஆபத்து ஒன்றுமில்லை என்று உறுதி செய்துவிட்டுப் போனார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் அந்த இரவைப் பற்றியதல்ல. அப்படிப் பத்து இரவுகள் வெறும் அலாரமாகவே போனால், பதினோராவது இரவில் வாட்ச் நிற்கும் பையன் அலாரத்தை அணைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போய்விடுவான். அந்த இரவு அலாரம் உண்மையானதாக இருக்கலாம். வரைபடத்தின் ஓரம் காரணமாக மட்டும் எழும் ஒவ்வோர் அலாரமும் உண்மையான அலாரத்தின் மதிப்பைக் குறைக்கிறது.

இந்த ஓரங்கள் எப்படி வந்தன என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். காகித வரைபடம் பிரிட்ஜ் மேசையில் கொள்ள வேண்டும். ஒரு துறைமுகத்தின் நுழைவாயில் முழுவதும் ஒரே தாளில் வர வேண்டும். திசை பார்க்க ஒரு கலங்கரை விளக்கமாவது உள்ளே இருக்க வேண்டும். அதற்காகத் தாளைச் சாய்த்தார்கள், நீட்டினார்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினார்கள், அளவுகோலை இடத்துக்குத் தக்கபடி மாற்றினார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள். அந்தத் தாள்களை வைத்து எத்தனையோ தலைமுறைக் கடலோடிகள் பத்திரமாகக் கரை சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் திரைக்கு மேசை ஓரம் கிடையாது. காகிதத்தை மின்னணுவாக்கியபோது அந்த ஓரங்களும் கூடவே வந்துவிட்டன. எஸ்-57 விதிப்படி செல் என்பது இரண்டு தீர்க்கக் கோடுகளுக்கும் இரண்டு அட்சக் கோடுகளுக்கும் இடைப்பட்ட செவ்வகம்தான். ஆனால் அந்தச் செவ்வகத்துக்குள் தரவு நிரம்பியிருக்கும் பகுதி எந்த வடிவத்திலும் இருக்கலாம். அந்த இடைவெளி வழியாகத்தான் பழைய தாளின் கோணல் மாணலான எல்லை உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

இதைத் துணிந்து மாற்ற முன்வந்தது அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம். அவர்களிடம் 1,200க்கும் மேற்பட்ட மின்னணு செல்கள் இருந்தன. ஒரே நாட்டுக் கடலில் 130க்கும் மேற்பட்ட அளவுகோல்கள். பல இடங்களில் ஆழக்கோடுகள் ஃபாதத்திலிருந்தும் அடியிலிருந்தும் மீட்டருக்கு மாற்றப்பட்டவை. எனவே 5 ஃபாதம் 9.1 மீட்டராகவும், 10 ஃபாதம் 18.2 மீட்டராகவும் கோடு போட்டு நின்றன. ஃபாதம் என்பது நம் மீனவர்கள் கை விரித்துப் பாகம் என்று அளப்பதுதான். 10 மீட்டர் என்று பாதுகாப்புக் கோடு வைத்தவனுக்கு 18.2 கிடைத்தால் அவன் என்ன செய்வான்? இப்போது அவர்கள் அந்த ஒழுங்கற்ற செல்களை எடுத்துவிட்டு, ஏறத்தாழ 9,000 செவ்வகச் செல்களாக, ஒரு டஜன் அளவுகோல்களுக்குள், பகுதி பகுதியாக மறுபடி அமைத்து வருகிறார்கள். பெரிய கட்டத்துக்குள் சிறிய கட்டங்கள் முழு எண்ணிக்கையில் அடங்கும். நம் 57, அதற்குள் எல், அதற்குள் 4 என்பதுபோல.

அளவுகோலைத் தேர்ந்தெடுக்க நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. சர்வதேச நீர்வரைவியல் அமைப்பின் பரிந்துரை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ரேடாரில் நாங்கள் வைக்கும் தூரங்களுக்குப் பொருந்தும்படி 24 கடல் மைலுக்கு 1:3,50,000, 12 மைலுக்கு 1:1,80,000, 6 மைலுக்கு 1:90,000, 3 மைலுக்கு 1:45,000, ஒன்றரை மைலுக்கு 1:22,000 என்று போகிறது அந்தப் பட்டியல். வாட்ச் நிற்பவன் ரேடாரையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். இரண்டிலும் கடல் ஒரே அளவில் தெரிந்தால் கண்ணுக்கு எவ்வளவு சுகம் என்பது மழையிலும் மீன்பிடிப் படகுக் கூட்டத்திலும் கப்பல் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அளவுகோல் மாறினால் உலகமே மாறும் என்பதை உங்கள் அலுவலகத்தை விட அழகாக யாரும் காட்டியதில்லை. இந்தியாவின் கடற்கரை நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று நாங்கள் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். 1:45,00,000 அளவுகோலில் எடுத்த பழைய கணக்கு அது. நீங்கள் 1:2,50,000 அளவுகோலில் மறுபடி அளந்தபோது அது 11,098.81 கிலோமீட்டர் ஆனது. தமிழ்நாட்டின் கரை 906.9 கிலோமீட்டரிலிருந்து 1,068.69 ஆனது. ஒரு பிடி மண்கூடக் கூடவில்லை, பார்த்த கண்ணாடி மட்டும் மாறியது. இந்தச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆகவே பக்கத்துப் பக்கத்து செல்கள் வெவ்வேறு அளவுகோலில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அளவுகோல் உயிர் சம்பந்தப்பட்டது. 2014 நவம்பர் 29 அன்று வோல்வோ ஓஷன் ரேஸ் பாய்மரப் போட்டியில் டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரிஷியசுக்கு வடகிழக்கே கார்கடோஸ் காரஜோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதி உடைந்தது. படகில் இருந்த ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள். அவர்களிடம் மின்னணு வரைபடம் இருந்தது. அதை அவர்கள் பயன்படுத்திய விதத்திலும் குறை இருந்தது, வெவ்வேறு பெருக்கத்தில் வரைபடம் அந்தத் திட்டைக் காட்டிய விதத்திலும் குறை இருந்தது என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. திரையைச் சுருக்கிப் பார்க்கும்போது எது மறைய வேண்டும், எது மறையவே கூடாது என்பது செல்லுக்கு செல் ஒரே விதமாக இருந்தால்தான் பார்ப்பவன் திரையை நம்ப முடியும். அளவுகோல்கள் ஒழுங்கானால்தான் அந்த விதியையும் ஒழுங்காக எழுத முடியும்.

சில சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன், கப்பல் பக்கத்திலிருந்து வருபவை என்பதால். மின்னணு வரைபடங்கள் பெரும்பாலும் செல் கணக்கில் விற்கப்படுகின்றன. கட்டம் சிறிதாகி எண்ணிக்கை கூடினால், ஒரு செல்லின் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும். இல்லாவிட்டால் செலவைக் குறைக்க நினைக்கும் நிறுவனம், கடலை நுணுக்கமாகக் காட்டும் பெரிய அளவுகோல் செல்களை வாங்காமலே ஓட்டச் சொல்லும். அது இருப்பதைவிட மோசம். சிறிய செல்லால் லாபமும் உண்டு. கடலூருக்கு வெளியே ஒரு மிதவை நகர்ந்தால் அந்தச் செல்லுக்கு மட்டும் திருத்தம் வந்தால் போதும். நடுக்கடலில் செயற்கைக்கோள் இணைப்பில் கோப்பு இறக்குகிற எங்களுக்கு அது பெரிய விஷயம்.

மாற்றத்தைத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டாம். ஒரு கடற்பகுதியின் பழைய செல்கள் எந்த நாளில் ரத்தாகின்றனவோ அதே நாளில் புதியவை முழுமையாக வர வேண்டும். பழைய செல் போய்ப் புதியது வந்து சேராத கப்பலில் திரையில் ஓட்டை விழும். எந்தப் பழைய செல்லுக்குப் பதில் எந்தப் புதிய செல்கள் என்ற அட்டவணையைச் சில மாதங்களுக்கு முன்பே வெளியிட்டால், நாங்கள் சேமித்து வைத்திருக்கும் பயணத் திட்டங்களைத் திருத்திக்கொள்வோம்.

கட்டத்தின் கோடுகள் நம் கடல் எல்லையோடு நின்றுவிடவும் கூடாது. பாக் நீரிணையில் ஒரு பக்கம் நாம், மறுபக்கம் இலங்கை. வங்கக் கடலின் தலைப்பில் வங்கதேசமும் மியான்மரும். வட இந்தியப் பெருங்கடல் நீர்வரைவியல் ஆணையத்தில் இவர்கள் எல்லோரோடும் நீங்கள் உட்காருகிறீர்கள். மொரிஷியஸ், மாலத்தீவு போன்ற நாடுகளின் கடலையும் நம் அளவைக் கப்பல்கள் அளந்திருக்கின்றன. அந்த மரியாதையை வைத்து, எல்லாரும் சேர்ந்து ஒரே கட்டம் என்று நீங்கள் கேட்டால் கேட்பார்கள். எல்லைக் கோட்டில் இரண்டு நாட்டு ஆழக்கோடுகளும் கைகோத்து நிற்க வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம். கட்டம் போட்டுவிட்டால் கடலை அளந்துவிட்டதாக ஆகாது. ஈயக்குண்டு விட்டு அளந்த பழைய ஆழத்தைப் புதிய அழகான சதுரத்துக்குள் வைத்தால் அது புதிய ஆழமாகத் தோற்றமளிக்கும். அதனால் தரவின் நம்பகத்தன்மையைச் சொல்லும் குறியீடு ஒவ்வொரு கட்டத்திலும் ஒளிவுமறைவு இல்லாமல் தெரிய வேண்டும். பெரிய அளவுகோலுக்குத் தகுந்த அளவை இல்லாத இடத்தில் பெரிய அளவுகோல் செல்லே வேண்டாம், கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டம் அடுத்து எங்கே கப்பல் அனுப்ப வேண்டும் என்பதையும் காட்டும். 2024 பிப்ரவரியில் ஐ.என்.எஸ். சந்தாயக்கும், அதே ஆண்டு டிசம்பரில் ஐ.என்.எஸ். நிர்தேஷக்கும் விசாகப்பட்டினத்தில் படையில் சேர்ந்தன. அளப்பதற்குக் கப்பல்கள் வந்துவிட்டன.

காலம் குறைவாகத்தான் இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் புதிய தரநிலை எக்டிஸைக் கப்பல்களில் பயன்படுத்தலாம். 2029 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தப்படும் ஒவ்வொன்றும் அந்தத் தரநிலையில்தான் இருக்க வேண்டும். இடையில் இருக்கும் இந்தச் சில ஆண்டுகளில் எஸ்-57 செல்லை மென்பொருளில் போட்டு எஸ்-101 ஆக மாற்றி எடுப்பது சுலபம். வேலை முடிந்ததாகவும் தோன்றும். ஆனால் ஓரங்கள் அப்படியே இருக்கும், இன்னொரு முப்பது வருடத்துக்கு. இரண்டாவது முறை இத்தனை பெரிய மாற்றம் என் பணிக்காலத்தில் வராது.

என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். இதுவரை நான் போன கடல்களில் செல்லின் ஓரத்தில் பாதுகாப்புக் கோடு எங்கெல்லாம் துள்ளியதோ, அந்த இடங்களின் அட்ச தீர்க்கத்தை, தேதியோடும் செல்லின் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கப்பலில் ஏறுவதற்கு முன் அதைப் படியெடுத்துப் பதிவுத் தபாலில் உங்களுக்கு அனுப்புகிறேன். மற்றக் கப்பல்களில் இருக்கும் செகண்ட் ஆபீசர்களிடமும் கேட்டால் இன்னும் நிறைய கிடைக்கும். கேளுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஒரு செகண்ட் ஆபீசர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்